கிடைக்கவில்லை என்று எழுதிய பெயர்

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லி நான் ஜெயித்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஆஸ்பத்திரிகளுக்குக் கணினி வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் கரண்ட் போனாலும் அலுவலகம் நிற்காமல் ஓடுவதற்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது என் பொறுப்பு. திருமுல்லைவாயிலில் எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒரு அக்காவிடம் இதை விளக்கியபோது, நல்லதாக ஒன்றுமே நினைக்க மாட்டாயா என்று கேட்டுவிட்டு, எனக்காக ஜெபம் செய்வதாகவும் சொன்னார். ஆபீசில் என் கோப்புக்கு ஏட்டுச் சுரைக்காய் என்றே பெயர்.

கருவிகளும் பெரிதாக ஒன்றுமில்லை. யார் வராவிட்டால் எந்த வேலை நிற்கும் என்று ஒரு பட்டியல். பூந்தமல்லியில் மேசைகள் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் மாற்று அலுவலகம். பிறகு என் செல்லப்பிள்ளையான தொலைபேசிச் சங்கிலி. யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி லேமினேட் செய்த தாள் அது. இரண்டு முறை அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் பெயருக்கு நேரே 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டு மாற்று ஆளைக் கூப்பிட வேண்டும். ஒரே ஆளிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குத் தகவல் போகாது. இந்த விதியை எழுதியது நான்தான், எழுதிய அன்று பெருமையாகவும் இருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவோம். தேதியை முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள், ரிப்போர்ட் அசிங்கமாகிவிடும். ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மட்டும் எப்போதும் முதல் மணியிலேயே எடுப்பார். வெள்ளானூரில் ஒரு தாழ்வான தெருவில் வீடு, மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை.

ஒரு மழைக்காலக் காலையில் எஸ்டேட்டில் கரண்ட் போனது. அவரை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. எழுத வேண்டியதை எழுதினேன். காட்டுப்பாக்கத்திலிருந்த மாற்று ஆள் பைக்கில் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜெனரேட்டர் ஓடியது, ஒரு வேலையும் நிற்கவில்லை. மாலையில் நான் அனுப்பிய ரிப்போர்ட்டுக்குப் பாராட்டிப் பதில் வந்தது. சுரைக்காய் என்றவர்களே டீ வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணன் என்ன ஆனார் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்தார். யாருடைய சட்டையோ போட்டிருந்தார். கால் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. ஜெனரேட்டர் நின்றதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அவரை விசாரிக்க வாய் வந்தது.

விடியும் முன்பே வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். மார்பளவுத் தண்ணீரில் குழந்தையைத் தோளில் வைத்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். நான் அழைத்தபோது போன் பிளாஸ்டிக் கவரில், சட்டைப் பையில் அடித்திருக்கிறது. எடுக்கக் கை இல்லை. பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஏறியதும் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் மதியம் படகு வரும்வரை குழந்தைக்கு ஜுரம். மருந்தும் இல்லை, பாலும் இல்லை. குழந்தை இப்போது மச்சினி வீட்டில் இருக்கிறது, ஜுரம் விட்டுவிட்டது.

"நாங்க அடிச்சா ஒண்ணும் போவல மேடம். உங்க போன் மட்டும்தான் வந்துச்சு," என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு தடவைக்கு மேல அடிக்கக் கூடாதுன்னு எழுதினதே நான்தாண்ணா."

"தெரியும் மேடம். ஒத்திகையில நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல். "மூணாவது தபா வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் போனையே பாத்துகினு குந்தினு இருந்தோம்."