கேள்வி நேரத்தில் எழுந்து போயிடாதீங்க ஐயா!

எம்.பி. ஆபீஸ் வேலை என்றால், ஊரே வந்து நம்மிடம் கேள்வி கேட்கும். அதை டெல்லிக்கு அனுப்பி மந்திரியைக் கேட்க வைத்து, பதில் வருகிற வரைக்கும் வந்தவர்களுக்கு டீ கொடுத்து உட்கார வைக்க வேண்டும். இதில் டீ மட்டும் என் பொறுப்பு.

நான் ஆறாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் அந்தோணி அரியமங்கலத்தில் பட்டறை வெல்டராக இருந்து, அரபு நாட்டுக்குப் போனார். முதலில் கடிதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அங்கிருந்து திரும்பிய ஒருவர்தான் சொன்னார், கம்பெனியை மூடிவிட்டார்களாம், எல்லோர் பாஸ்போர்ட்டும் முதலாளியிடமாம், ஆட்களை ஊருக்கு விடமாட்டேன் என்கிறாராம். பாலக்கரையில் எங்கள் தெருவில் எனக்குப் பேரே கிடையாது, 'வெல்டர் சம்சாரம்'தான். அவர் போன பிறகு 'துபாய்க்காரி' ஆனேன். அந்தத் தெருவில் போய் இதை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு, கைக்குழந்தை ரோஸியைத் தூக்கிக்கொண்டு, ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேசாத பெண்

ஆபீஸை நடத்தியது எம்.பி.யின் பி.ஏ. வரதராஜன் சார். நெற்றியில் திருமண், கையில் எப்போதும் பேனா. யார் வந்தாலும் நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, கையை மட்டும் நீட்டி டீயைக் கொடுப்பேன். "சர்க்கரை போதுமா?" என்று கேட்கக்கூட நாக்கு எழாது. பின்னறையில் தூளியில் ரோஸி அழுதால்தான் இந்த ஆபீஸில் ஒரு பெண் குரல் கேட்கும்.

ஒருநாள் லால்குடிப் பக்கமிருந்து மனு கொடுக்க வந்த ஓர் அம்மா, போகும்போது வரதராஜன் சாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகுங்க. வாய் பேச முடியாத பொண்ணுக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கீங்களே!"

நல்ல பொன்னி

பக்கத்து நாடு ஒன்றில் பெரிய வெள்ளம். நம் அரசாங்கம் உதவியாக அரிசி அனுப்பியது. அது பற்றி எங்கள் எம்.பி. பார்லிமெண்டில் கேள்வி கேட்டதாகப் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. மறுநாளே காந்தி மார்க்கெட் அரிசி மண்டிக்காரர் ஒருவர் ஆபீஸுக்குள் புயலாக நுழைந்தார். "இங்க ரேஷன் கடையில சனம் கால் கடுக்க நிக்குது. இவரு எதுக்கு வெளிநாட்டுக்கு அரிசி அனுப்பச் சொல்றாரு?"

"அனுப்பச் சொல்லலை ஓய்," என்றார் வரதராஜன் சார். "அனுப்பினது ஜனங்க கைக்குப் போய்ச் சேர்ந்துதா, நடுவிலே எலி தின்னுடுத்தான்னு வெளியுறவு மந்திரியைக் கேட்டார். எம்.பி. கேட்டா மந்திரி பதில் சொல்லியே ஆகணும். அதுக்குத்தானே நீரும் நானும் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கோம்?"

மண்டிக்காரர் உட்கார்ந்து இரண்டாவது டீயும் குடித்தார். திரைக்குப் பின்னால் நான் யோசித்தேன். அரிசி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கலாம் என்றால், ஆள் எங்கே என்றும் கேட்கலாம்தானே? மண்டிக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அனுப்புறதுதான் அனுப்புறீங்க, நல்ல பொன்னியாப் பார்த்து அனுப்பச் சொல்லுங்க. நம்ம ஊர்ப் பேரு கெடக்கூடாது பாருங்க."

தங்கச்சி புருஷன்

அப்புறம் ஒருநாள் ரஹ்மத் பீவி வந்தார். வெள்ளைத் துப்பட்டியும் கணீர்க் குரலுமாக வந்து, தன் தங்கச்சி புருஷன் அரபு நாட்டில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கம்பெனி பேரையும் சொன்னார். என் வீட்டுக்காரர் இருக்கிற அதே கம்பெனி.

வரதராஜன் சார் உதட்டைப் பிதுக்கினார். "மந்திரிக்குக் கடுதாசி வேணா போடலாம்மா. சபையிலே கேள்வியா கேக்க முடியாது. தனி ஆள் சமாசாரம்னா அங்கே ஆபீஸ்லேயே தள்ளிடுவா. பல பேருக்கு இப்படி ஆயிருக்குன்னாத்தான் அது பொது விஷயம். உங்க தங்கச்சி ஆத்துக்காரர் ஒருத்தர்தானே?"

நான் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன். எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "ரெண்டு பேர் சார்," என்றேன். "எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு."

வரதராஜன் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரஹ்மத் பீவி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. என் கையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், எனக்குத் தங்கச்சியே கிடையாது. மாட்டிக்கிட்டிருக்கிறது என் புருஷன்தான். தங்கச்சி இப்பத்தான் ஒண்ணு கிடைச்சிருக்கா."

சரிகைப் புடவை

பொது விஷயமாக்க வேண்டும் என்றால் ஆள் வேண்டும். ரஹ்மத் அக்காவும் நானும் வீடு வீடாகப் போனோம். எங்கே போனாலும் முதலில் ஒரே பதில்தான். "எங்க வீட்டுக்காரரா? ஜோரா இருக்காரே!" என்பார்கள். ஆனால் கொழுந்தன், நாத்தனார் வீட்டுக்காரர், எதிர்வீட்டுப் பையன் என்று யாராவது ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் நாங்களே முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடப் பழகினோம். ரஹ்மத் அக்கா தொடங்கி, பாதியில் என் விலாவில் இடிப்பார். மீதியை நான் சொல்ல வேண்டும். நாலைந்து வீட்டுக்குப் பிறகு இடிக்காமலே சொன்னேன்.

எம்.பி. வழியாக மந்திரிக்கு அனுப்பும் மனுவில் யார் முதல் கையெழுத்துப் போடுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'அ. மேரி, பாலக்கரை, திருச்சி' என்று எழுத்துக் கூட்டி எழுதினேன்.

கே.கே. நகரில் ஒரு பெண், சரிகைப் புடவையும் பூவுமாகக் கதவைத் திறந்தவள், நாங்கள் சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா! நான் ஒருத்திதான்னு நெனச்சுக்கிட்டு, யாரும் கண்டுபிடிச்சிரக் கூடாதேன்னு கடைத்தெருவுக்குக்கூடக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கிட்டுப் போறேங்க!"

பார்க்கலாம்

எங்கள் மனுவை வைத்து எம்.பி. போட்ட கேள்விக்கு முதல் தடவை எழுத்தில்தான் பதில் வந்தது. வரதராஜன் சார் படித்துத் தமிழில் சொன்னார். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது. சபையின் முன் வைக்கப்படும்.' அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம். நம் வீடுகளில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

வரதராஜன் சாருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "அசடுகளா! மந்திரி சபையிலே 'வைக்கிறேன்'னு ஒரு வார்த்தை விட்டார்னா அது வாக்கு. அதைப் பிடிச்சுக்கிறதுக்குன்னே எம்.பி.க்கள் குழு ஒண்ணு இருக்கு. சொன்னேளே, செஞ்சேளான்னு விடாமல் குடைஞ்சுண்டே இருப்பா. இனிமே அவர் கைகழுவ முடியாது."

ரஹ்மத் அக்கா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அப்ப எங்க மாமியாரை மந்திரியாக்குங்க சார். 'பார்க்கலாம், பார்க்கலாம்'னு எவ்வளவு சொல்லியிருக்காங்க!"

வேர்த்துப் போன மந்திரி

அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடி கேள்வி போட்டோம். சீட்டுக் குலுக்கலில் இந்தத் தடவை நட்சத்திரம் விழுந்தது. நட்சத்திரக் கேள்வி என்றால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். உடனே மேற்கொண்டு துணைக் கேள்வி கேட்கலாம். எழுத்துப் பதிலில் அந்த வசதி கிடையாது.

எம்.பி. ஊரில் இருந்தார். பெரிய உடம்பு, நல்ல மனசு. ஆனால் காபி இல்லாமல் அவரால் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. வரதராஜன் சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மந்திரியாக எதிரே உட்கார்ந்து ஒத்திகை நடத்தினார். "கனம் உறுப்பினருக்குச் சொல்லிக்கொள்கிறேன். நமது தூதரகத்துக்குத் தொழிலாளர்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை."

எம்.பி. தலையைச் சொறிந்தார். "வரலைன்னு சொல்லிட்டா நான் மேல என்னய்யா கேக்கறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படிங்க ஐயா வரும்? பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு. அது இல்லாம வெளியில கால் வச்சா போலீஸ் பிடிச்சுக்கும். அவங்க தூதரகத்துக்கு வரமுடியாது. தூதரகம்தான் அவங்ககிட்டப் போகணும். ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாங்களா? அதைக் கேளுங்க ஐயா."

சொன்ன பிறகுதான் என் குரல் அறை முழுக்கக் கேட்டது எனக்கே உறைத்தது. எம்.பி. அதைக் குறித்துக்கொண்டார். மந்திரி வரதராஜன் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "கேள்வி டெல்லி மந்திரிக்குத்தாம்மா, ஆனா எனக்கு நிஜமாவே வேர்க்கறது!"

பிளாஸ்க்

நம் கேள்வி எண்ணைக் கூப்பிடும்போது எம்.பி. தன் இடத்தில் இல்லை என்றால், கேள்வியைத் தாண்டிப் போய்விடுவார்களாம். நட்சத்திரம் விழுந்தும் பிரயோஜனமில்லை. எங்கள் எம்.பி.யோ முன்பு ஒரு தடவை காபி குடிக்கப் போன நேரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கோட்டைவிட்டவர். இதை வரதராஜன் சார் வாய்தவறிச் சொன்னதிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

எம்.பி. டெல்லிக்குக் கிளம்பிய அன்று நாங்கள் எல்லோரும் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றோம். கட்சிக்காரர்கள் மாலை போட்டு முடித்ததும் ரஹ்மத் அக்கா ஒரு புது பிளாஸ்க்கை ஜன்னல் வழியாக நீட்டினார். "அங்க போய் ஊத்திக்குங்க ஐயா. சபைக்குப் போறதுக்கு முன்னாடியே வயிறு முட்டக் குடிச்சிருங்க." நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பேர் நடுவில், உரக்கவே சொன்னேன்: "கேள்வி நேரத்தில் எழுந்து போயிடாதீங்க ஐயா!"

வண்டி நகர்ந்தது. எம்.பி. பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினார்: "எலெக்‌ஷன்ல கூட எனக்கு யாரும் இப்படிக் கண்டிஷன் போட்டதில்ல தாயீ!"

டிரங்க் கால்

கேள்வி வருகிற அன்று ஆபீஸில் உட்கார இடமில்லை. கேள்வி நேரம் முடிந்து எம்.பி.யே டெல்லியிலிருந்து டிரங்க் கால் போட்டதும், வரதராஜன் சார் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கேட்பதையெல்லாம் எங்களுக்குக் கத்திக் கத்திச் சொன்னார்.

"புகார் எதுவும் வரலைன்னாராம் மந்திரி!" அடுத்த நிமிஷம், "இவர் எழுந்து, தூதரகம் அவாகிட்டே போச்சான்னு கேட்டாராம்!" நாங்கள் மேஜையைச் சுற்றி நெருங்கினோம். "மந்திரி காகிதத்தைப் புரட்டறாராம். அதிகாரிகள் சீட்டு மேலே சீட்டு அனுப்பறாளாம். கேரளத்து எம்.பி. ஒருத்தரும் எழுந்து, எங்க ஆளும் அங்கே இருக்கான்னு சேர்ந்துண்டாராம். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி, எல்லாரும் மேஜையைத் தட்டறாளாம்!" அப்புறம் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "தூதரக அதிகாரி நேரே போய்ப் பார்ப்பார், ஊருக்கு வரணும்கிறவாளுக்குக் காகிதமும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்து உதவி பண்ணுவோம்னு சபையிலே சொல்லிட்டாராம்மா. சபையிலே!"

வாக்கு என்றால் என்ன என்று இப்போது எங்களுக்குத் தெரியும். ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதோம். கே.கே. நகர்ப் பெண் ரோஸியைத் தூக்கி எம்.பி. மேஜைமேல் உட்கார வைத்துவிட்டாள். வரதராஜன் சார் போனை என்னிடம் நீட்டினார். அதற்குமுன் நான் போனைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், காதில் வைத்ததில்லை. எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எம்.பி.யின் குரல் கேட்டது. "மேரி, ஐயா இடத்தை விட்டு நகரவே இல்லம்மா. இப்பப் போய் ஒரு வாய் காபி குடிக்கலாமா?"

மறுபடி ஜங்ஷன்

சொன்னபடி அதிகாரி போனார். ஆனால் காகிதமெல்லாம் சரியாகி வர இன்னும் கொஞ்ச காலம் இழுத்தது. அந்த நாளெல்லாம் வரதராஜன் சார் ஓயாமல் டெல்லிக்கு எழுதி, மந்திரி கொடுத்த வாக்கை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் பம்பாய் வழியாக வந்த ஆட்கள் ரயிலிலிருந்து இறங்கினார்கள். ரஹ்மத் அக்கா புருஷன் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், சட்டைக்குள் பாதி ஆளாக. ரோஸி அவரைப் பார்த்து மிரண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ரஹ்மத் அக்காதான் என்னை முன்னால் தள்ளினார். "என்னண்ணே பார்க்கறீங்க? உங்க பொண்டாட்டிதான். டெல்லி மந்திரியையே எழுந்து நின்னு பதில் சொல்ல வச்சிருக்கா. இப்ப வந்து ஊமையா நிக்கிறா!"

"தெரியும்மா," என்றார் அவர். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. "அந்த ஆபீசர் கையில மனுவை வச்சுக்கிட்டு எங்க கொட்டகைக்குள்ள வந்தாரு. வந்து நின்னதும் முதல் கேள்வியே, 'இங்க திருச்சி மேரி புருஷன் யாருய்யா?'தான்."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் தினம் காலையில் கேள்வி நேரம் உண்டு, மண்ணெண்ணெய் ஏன் வாங்கி வரவில்லை என்று நான் கேட்டால் 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்க்கிறார், ஆனால் இங்கே எல்லாமே நட்சத்திரக் கேள்விதான்.