ஐந்தே முக்கால் நரி

நேற்றைய மழைக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி லிப்ட் வாசலில் ஒரு கோணிச் சாக்கை விரித்திருந்தார். பதினோரு பேர் மிதித்த ஈரச் சாக்கு. (எண்ணினேன், என் புத்தி அப்படி.) அந்த வாசனையில் லிப்ட்டில் ஏறாமல் நின்றுவிட்டேன். மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், கோழிக்கூட்டின் மேல் கிடந்த சாக்குக்கும் இதே வாசனைதான்.

இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். ஓசூரில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. ஆயிரத்து இருநூறு பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் கோழிகளை எண்ணுவேன். சாமல்பட்டிக்காரியான என் மனைவி வளர்த்தவை ஒன்பது. பகலில் அந்தத் தெருவே வேலைக்குப் போய்விடும். அவள் பேசுவதற்கு இருந்தவை அவைதான். ஒரே மாதத்தில் ஐந்து போயின. காலையில் கூட்டைத் திறந்துவிட்ட சற்று நேரத்தில் வேலியோரம் இறகு மட்டும் கிடக்கும். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மூன்று வாங்கி ஈடுகட்டினோம். பழைய கோழிகள் கொத்தி விரட்ட, புதியவை வேலிக்கு அந்தப் பக்கமே மேய்ந்தன. பத்தே நாளில் மூன்றும் இல்லை.

"காசு குடுத்து நரிக்குத் தீனி வாங்கியாறோம். இனி சந்தைக்குப் போவாதீங்க. செவலைய அடை வெக்கிறேன். அதுவும் போச்சின்னா கூட்டப் பிரிச்சி அடுப்புல வெச்சிருவேன், ஆமா" என்றாள் மனைவி.

மிஞ்சிய நான்கில் அடைகாக்கத் தெரிந்தது அந்தச் செவலைப் பெட்டை மட்டும். பதினோரு முட்டை வைத்தோம். அடைக்கோழி நாளுக்கு ஒரு முறைதான் இரைக்கு இறங்கும். இது இறங்குவது விடிந்ததும், கால் மணி நேரம். கூடையை மூடி வைத்து அந்த நேரத்தை மாற்றப் பார்த்தேன். கூடைக்குள் முரண்டு பிடித்து ஒரு முட்டையை உடைத்தது. பத்து ஆனது. அதற்குமேல் துணியவில்லை.

கோழி போன தேதிகளைக் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைப்பது என் வழக்கம். எட்டுத் தாள்களையும் பரப்பினேன். ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமை இல்லை. நரிக்கு வார விடுமுறை உண்டோ என்று நானே சிரித்துக்கொண்டேன். மறுநாள் விடிகாலையில் சன்னலருகே நின்றபோது சிரிப்பு வரவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. டிபன் கேரியர்களோடு ஆட்கள் போனார்கள். தெருவின் மூன்று நாய்களும் பின்னாலேயே ஓடின. தெருவின் கடைசி வாடகை அறையில் இருந்த திருநெல்வேலிக்காரர் சுடலைமுத்து பஸ் ஏறும் முன் அவற்றுக்குப் பன் பிய்த்துப் போடுவார். அவை திரும்பப் பன்னிரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, நாய்கள் தெருவிலேயே கிடக்கும். கேழ்வரகுக் கொல்லைக்குப் பின்னால் இருந்த பாறையில் நரி உட்கார்ந்திருந்தது. ஹாரன் கேட்டதும் எழுந்தது. என் டைம் ஆபீசில் இவ்வளவு நேரம் தவறாத ஆளை நான் பார்த்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். செவலை இறங்கியிருந்ததே அப்புறம்தான் உறைத்தது. தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன்.

பன்னை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும்படி சுடலைமுத்துவிடம் கேட்டேன்.

"எங்களுக்கு ஷிப்ட் மாத்துதது பத்தாதுன்னு நாய்க்கும் மாத்துதியளாக்கும், அண்ணாச்சி?" என்றார். ஆனால் கொடுத்தார்.

நாய்கள் பழக நான்கு நாள் ஆயிற்று. அதுவரை கம்போடு நானே காவல். ஐந்தாம் நாள் ஹாரன் அடித்தது. நாய்கள் எங்கள் கோழிக்கூட்டருகே பன் தின்றன. நரி பாறையிலிருந்தே பார்த்தது. முகம் ஒவ்வொரு நாயின் பக்கமாகத் திரும்பியது. எண்ணுகிறது என்றே எனக்குப் பட்டது. நீங்கள் நம்ப வேண்டாம். பிறகு அவசரமில்லாமல் போய்விட்டது.

பத்தில் எட்டு பொரித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை செவலை குஞ்சுகளோடு இறங்கியது. சுடலைமுத்துவுக்கு விடுமுறை, பன் இல்லை. நாய்கள் அதைத் தேடி அவர் அறை வாசலில் போய்க் கிடந்தன. நான் யோசிக்காத அந்த ஒன்றை நரி யோசித்திருந்தது. எட்டு வாரமாக வராத கிழமையில், வேலிக்குள்ளேயே வந்து நின்றது. செவலை இறக்கை விரித்துக் குஞ்சுகளை மறைத்தது. கையில் கம்பு இருந்தும் நான் வாய் பிளந்து நின்றேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மனைவிதான் விளக்குமாற்றை வீசினாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கறீங்க, விருந்துக்கா வந்துகீது?"

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை பன் எங்கள் பொறுப்பு. எட்டுக் குஞ்சும் பிழைத்தன.

அடுத்த வருடம் மனை போட ஆட்கள் வந்து பாறையை வெடி வைத்து உடைத்தார்கள். கேழ்வரகுக் கொல்லை அறுபத்து நான்கு மனைகள் ஆயிற்று. கோழிகள் இருபத்து மூன்று வரை பெருகி, பகலெல்லாம் அந்த வெற்று மனைகளில் மேய்ந்தன. ஒன்றும் குறையவில்லை. ஒரு விடியலில் ஹாரன் அடித்தபோது மனைவி பன்னைக் கையில் வைத்தபடியே பாறை இருந்த பக்கம் பார்த்தாள்.

"இன்னிக்கும் வரலீங்களா?" என்றாள்.