மேல் வரிசை

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். நடந்தது பகலில். ஆனால் எங்கள் நிலவறைக்குப் பகல் கிடையாது.

பிரான்சில் எப்பெர்னே ஊரில் இருநூறு வருடப் பழைய ஷாம்பெயின் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. சாய்வுப் பலகையின் ஓட்டைகளில் பாட்டில்களைக் கழுத்து கீழே இருக்கும்படி செருகியிருப்போம். உள்ளே படிந்த வண்டல் கழுத்துக்கு இறங்க வேண்டும். அதற்காக தினமும் இரு கையிலும் ஒவ்வொரு பாட்டிலாகப் பிடித்துக் குலுக்கி, கொஞ்சம் திருப்பி வைப்போம். பாட்டிலின் அடியில் உள்ள வெள்ளைக் கோடு எவ்வளவு திரும்பியது என்று காட்டும்.

எல்லாரும் மேல் வரிசையில் தொடங்குவோம். என்னோடு வேலை செய்யும் தெயோ மட்டும் கீழிருந்து. சின்ன வயதில், இங்கேயே வேலை பார்க்கும் தன் அப்பா காஸ்பாரோடு வந்தபோது அவனுக்கு எட்டியது அந்த வரிசைதான். வளர்ந்தும் பழக்கம் போகவில்லை.

"உனக்கு மட்டும் மழை தரையிலேர்ந்து மேல பெய்யுதாடா?" என்பார் காஸ்பார்.

செப்டம்பரில் தெயோவுக்குக் கல்யாணம். விருந்துக்கென்று ஒரு பலகை நிறையப் பாட்டில்கள் ஒதுக்கியிருந்தார்கள். மே மாதம் திராட்சைத் தோட்டச் சரிவில் அவன் டிராக்டர் கவிழ்ந்தது. ரீம்ஸ் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தான். காஸ்பார் பக்கத்தை விட்டு நகரவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"இவோன், அந்தப் பலகைய மட்டும் ஒரு நாளும் விட்டுடாதப்பா. எழுந்ததும் கேப்பான்."

அன்று வியாழன். நான் இறங்கியபோது மாலை நாலு பத்து.

கிர்ர்... டக். கிர்ர்... டக்.

யாரோ திருப்புகிறார்கள். காஸ்பார் வந்துவிட்டாரோ? அப்படியென்றால் நல்ல செய்திதான். வேகமாக நடந்தேன்.

"காஸ்பார்?"

சத்தம் நின்றது.

பலகை முன்னால் யாரும் இல்லை. அந்தப் பக்கம் வேறு வழியும் இல்லை.

கோடுகளைப் பார்த்தேன். கீழ் வரிசை திரும்பியிருந்தது. அதற்கு மேல்... அதற்கும் மேல்...

மேல் வரிசை மட்டும் நேற்று நான் விட்டபடியே.

ஒரு பாட்டிலைத் தொட்டேன்.

அந்தக் குளிரில்... வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடினேன்.

படியேறியதும் போன் அடித்தது. தெயோ போய்விட்டான்.

அடக்கம் முடிந்து நிலவறை வாசலில் நின்றபோது, நர்ஸ் சொன்னதைக் காஸ்பார் சொன்னார். நாலு மணிக்கு, காஸ்பார் காபி வாங்கப் போன நேரமாம். அதுவரை விரல்கூட அசைக்காதவன், மெத்தை மேல் இரு மணிக்கட்டையும் திருப்பிக்கொண்டே இருந்தானாம். கடைசியில் இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டினானாம். எதையோ எட்டிப் பிடிப்பதுபோல.

அப்போதுதான் நான் பார்த்ததைச் சொன்னேன்.

"எந்த வரிசையோட நின்னுது?" என்று கேட்டார் காஸ்பார்.

மேல் வரிசை மட்டும் பாக்கி என்று சொன்னேன்.

கறுப்புக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். படியிறங்கிப் போனார்.