எட்டு மாதம் கட்டி வைத்த பை

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? பனை இருக்கிறது, கோயில் கோபுரம் இருக்கிறது, தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. அவற்றில் ஏறுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மற்ற எல்லாருக்கும் தரை சப்பட்டையாகத்தான் கிடக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் நடுவயது தாண்டிய மூன்று பேர் தங்களை மலையேறிகள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் அவர்களை நான் எப்படி மதிப்பது?

மூவரும் மானிப்பாயில் விடியற்காலை மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர்கள். ஒருவர் புத்தூர்க்காரர், சொந்தமாக ஒரு வான் வண்டி வைத்திருப்பவர், அதனால் தலைவரும் அவரே. மற்றவருக்கு வங்கியில் வேலை. மூன்றாமவர் கணக்கு வாத்தியார். எனக்குச் சீனி வருத்தம் என்பதால் நானும் அதே மைதானத்தில் நடப்பேன். தொலைபேசியில் யாரோ மலையேறுகிற காணொளிகளைப் பார்த்துப் பார்த்து இவர்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. முதலில் சப்பாத்து வந்தது, பிறகு ஊன்றுதடி வந்தது. மேடென்று சொல்ல ஒரு சாண் உயரம்கூட இல்லாத மைதானத்தில் மூன்று பேரும் தடியை ஊன்றி ஊன்றி நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக்குப் போய், ஒரு நாலு மாடிக் கடைக் கட்டடத்தின் படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தார்கள். அங்கிருந்த துணிக்கடைக்காரர் இவர்களைச் சாமான் இறக்க வந்தவர்கள் என்று நினைத்து, பின்வாசலால் வரச் சொன்னாராம். இதை அவர்களே பெருமையாகச் சொன்னார்கள்.

இவர்களுடைய கொள்கையின் பெயர் திடீர்ப் பயணம். பை எப்போதும் கட்டித் தயாராக இருக்க வேண்டும். செய்தி வந்தால் மறுபேச்சில்லாமல் வெளிக்கிட வேண்டும். மாத்தளைப் பக்கம் போய், பின்னேரம் பாதி மலை ஏறி, இரவு கூடாரத்தில் படுத்து, விடிய உச்சியில் நிற்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் செய்தி வருவதற்கு முன்னால் புத்தூர்க்காரர் பஞ்சாங்கம் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை கூடாது, மரணயோகம் கூடாது. பிறகு வாத்தியாரின் மனைவி சம்மதிக்க வேண்டும். போகிற வழியில் மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்குக் கற்பூரம் கொளுத்த வேண்டும். இத்தனையும் ஒத்து வந்த பிறகு, அவர்கள் திடீரென்று புறப்படுவார்கள்.

எங்கள் வீட்டில் நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம் என்ற கெப்பர் எனக்கு நிறையவே உண்டு. அதனால் மைதானத்தில் அவர்களைக் கண்ட போதெல்லாம், "என்ன, இண்டைக்கு எந்த மாடி?" என்று கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு ரோசம் வராததும் எனக்குப் பிடிக்கவில்லை.

மலைக்கு மட்டும் அவர்களோடு நாலாவதாகப் போய்வந்த ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். அடுத்த கிழமையே புத்தூர்க்காரர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, நீங்களும் வாங்கோவன்."

"ஏன், என்னைக் காவிக்கொண்டு ஏறிப் பழகவோ?"

"இல்லை அண்ணை. மூண்டு பேராய் ஒரு காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது. நீங்கள் வந்தால் நாலு."

எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்து போனால் போன காரியம் சரிவராது என்பார்கள். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். என் முகத்துக்காக இல்லை, என் கதைக்காகவும் இல்லை. எண்ணிக்கை சரிவர ஒரு தலை தேவைப்பட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மூன்று நாள் காக்க வைத்து, சரி என்றேன். உண்மையில் முதல் நாள் பின்னேரமே அலுமாரிக்கு மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டிவிட்டேன்.

இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்தாறு வயதுவரை நான் ஒரு மலையில் ஏறியதில்லை. ரயில் யன்னலால் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒருமுறையாவது மேலே நின்று கீழே பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை, நெடுநாள் ஆசை. தனியாகப் போக முழங்கால் விடாது, மனைவியும் விடமாட்டாள். இந்த மூன்று விசரர்களை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

பையை வெகு கவனமாகக் கட்டினேன். மழைச்சட்டை, டோர்ச், இரண்டு சாரம், கம்பளித் தொப்பி, முழங்காலுக்குப் பூசும் எண்ணெய், நாள்பட இருக்கும் பருத்தித்துறைத் தட்டை வடை ஒரு பக்கற். கட்டில் காலடியில் அதை வைத்ததைப் பார்த்து மனைவியின் முகம் மாறிவிட்டது.

"உதை உள்ளுக்கை தள்ளி வையுங்கோ. கட்டின பையைக் கண்டால் எனக்கு நெஞ்சு இடிக்குது," என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. முன்பு சண்டைக் காலத்திலும் இந்த வீட்டில் பை கட்டி வைத்திருந்தோம். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் பிஸ்கற்றும் போட்டு, செல் விழத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக. விருப்பத்தோடு போவதற்கென்று நான் கட்டிய முதல் பை இதுதான். அவளுக்கு அதை விளங்கப்படுத்தாமல் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

பிறகு காத்திருந்தேன். ஒருமுறை நாள் சரியில்லை. ஒருமுறை வங்கிக்காரரின் சித்தப்பா செத்து முப்பத்தொரு நாள் துடக்கு. பிறகு பள்ளிக்கூடத்தில் சோதனைக் காலம் என்றார் வாத்தியார். பிறகு மழை. மலை ஏறப் போகிறவர்களுக்கு மழை பயம். ஒவ்வொரு தடவையும் மைதானத்தில் அவர்களைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பைக்குள் இருந்த பழைய வடையை எடுத்துக் குசினியில் நின்று தின்றுவிட்டுப் புதிய பக்கற் வாங்கி வைப்பேன். எட்டு மாதம் இப்படியே போனது. எனக்கு அவர்கள் மேல் இருந்த இளக்காரம் குறையவில்லை, பையும் கட்டிலுக்குக் கீழே இருந்து அசையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் புத்தூர்க்காரர் அழைப்பு எடுத்தார்.

"அண்ணை, நாளைக்கு. எட்டரைக்கு உங்கடை படலையடியிலை நிப்பம். ஒம்பதுக்கு ராகுகாலம் துவங்குது, அதுக்கு முதல் வெளிக்கிட வேணும். ஆயத்தம்தானே?"

"பாப்பம்," என்றேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே எழும்பி, முகம் வழித்து, சப்பாத்தும் போட்டுக்கொண்டு குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டரைக்கு வான் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குள் ஒரு கொழுப்பு ஏறியது. எட்டு மாதம் என்னைக் காக்க வைத்தவர்கள் அரை மணித்தியாலம் காத்தால் குறைந்தா போவார்கள்? ஹோர்ன் அடித்த உடனே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போக நான் என்ன வேலையாளா?

"ஒரு தேத்தண்ணி போடும்," என்றேன் மனைவியிடம்.

"வெளியிலை வந்து நிக்கினமப்பா."

"நிக்கட்டும். நான் இல்லாமல் உவையாலை போகேலாது. மூண்டு பேர்."

அவள் தேத்தண்ணி போட்டாள். நான் ஆற்றி ஆற்றிக் குடித்தேன். இரண்டாவது ஹோர்ன் கேட்டது. படலையடியில் இருந்து புத்தூர்க்காரரின் குரல் வந்தது.

"அண்ணை, வெளிக்கிட்டாச்சோ?"

"ஓம், வாறன்," என்று உள்ளே இருந்தபடியே சொல்லிவிட்டு இன்னொரு மிடறு குடித்தேன்.

மனைவி மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஒம்பதுக்கு ராகுகாலமெண்டெல்லோ சொன்னவை?"

"உதெல்லாம் எங்களுக்கில்லை."

எங்களுக்கு இல்லைத்தான், ஆனால் அவர்களுக்கு இருக்கிறது. மூன்று பேர் போகக் கூடாது என்பதை அவர்கள் நம்புகிறார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்த நான், ராகுகாலத்தையும் அவர்கள் அதே அளவுக்கு நம்புவார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. வான் இயங்கும் சத்தம் கேட்டது. திருப்பி நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறுதலாக வெளியே வந்தபோது ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. படலைக்கு வெளியே ஒழுங்கையில் வானும் இல்லை, ஒருவரும் இல்லை.

எங்கள் படலையிலிருந்து வாசல்வரை குறோட்டன் பாத்தி ஓரமாகச் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்திருக்கிறோம். அதில் முதல் கல் இருந்த இடத்தில் ஈரக் குழி ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தொலைபேசியில் செய்தி வந்தது.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. நேரம் போச்சு. மூண்டு பேராய் போகாமல் உங்கடை படலையடியிலை ஒரு கல்லு எடுத்தனாங்கள். கல்லையும் ஒரு ஆளாய் எண்ணலாம் எண்டு வாத்தியார் சொன்னவர். பத்திரமாய்க் கொண்டந்து தருவம்."

மூன்று பேர் போக நேர்ந்தால் நாலாவதாக ஒரு கல்லை எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறதாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. மத்தியானம்வரை விறாந்தைக் கதிரையில் பையை மடியில் வைத்தபடி இருந்தேன். மனைவி சோறு போட்டுவிட்டு, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ," என்றாள்.

மறுநாள் ஆராதனையில் போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது படங்கள் வந்தன. முன் வாங்குப் பலகைக்குக் கீழே தொலைபேசியை வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று பேரும் தடியை ஊன்றி, வயிற்றை எக்கிக்கொண்டு, உலகத்தையே வென்றவர்கள் மாதிரி நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பாறையில் என் வீட்டுக் கல். நான் அடித்த சுண்ணாம்பு அப்படியே தெரிகிறது. அதற்குக் கீழே, வெகு கீழே, மேகம். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். அவர்களின் முகங்களைப் பார்க்கவில்லை. கல்லையும் மேகத்தையும்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை புத்தூர்க்காரர் கல்லைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பக்கற் தேயிலையும் தந்தார்.

"உங்கடை கல்லு, அண்ணை."

அவர் முகத்தில் நக்கல் துளியும் இல்லை. நக்கல் இருந்திருந்தால் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

"மேலை குளிரோ?" என்று கேட்டேன்.

"சரியான குளிர். இரவு கல்லையும் கூடாரத்துக்கை வைச்சுக்கொண்டுதான் படுத்தனாங்கள், வெளியிலை விட்டால் துலைஞ்சு போயிடுமெண்டு."

அவர் போன பிறகு தாளைப் பிரித்தேன். கல்லின் ஒரு பக்கத்தில் கறுத்த மண் ஒட்டியிருந்தது. எங்கள் மண் சிவப்பு. அவர்களை இன்றைக்கும் நான் மதிக்கவில்லை. பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்களை எப்படி மதிப்பது? ஆனால் அவர்கள் போனார்கள், நான் தேத்தண்ணி குடித்தேன். ஒரு கல்லின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கல்லைப் பழைய குழியில் வைக்கவில்லை. இனியொரு முறை அதை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று வீட்டுக்குள் கொண்டுவந்து, கட்டிலுக்குக் கீழே பைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி வெளியே திரும்பி, படலைவரை ஒருமுறை பார்த்தாள்.

"வெளியிலை இன்னும் பத்தொன்பது கல்லுக் கிடக்கு," என்றாள்.