மச்சான் வீட்டு விமானத்தில் சீட்டை உயர்த்தியது

ஆட்டோவின் இடது பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தது. ஹட்டனிலிருந்து மகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, மேல் வளைவில் இருக்கிற கல் சுவரில் உரசிவிட்டேன். மூடுபனிதான். ஆனால் மூடுபனி எனக்குப் புதிதா? நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவன். கொத்மலைப் பக்கம் ஒரு பாதை இருந்தது, அங்கே மழைக்காலத்தில் லொறியின் மூக்கே தெரியாது. தேயிலை வாசத்தை வைத்தே எந்த மலைக்கு வந்திருக்கிறோம் என்று கண்டுபிடிப்போம். சொன்னால் நம்பமாட்டார்கள்.

 வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு மகள் சொன்னாள்.

"அப்பா, ஒங்களுக்கு கண்ணு சரியா தெரியல."

"பனி."

"பனி நேத்தும்தான் இருந்துச்சு. முந்தாநாளும்தான் இருந்துச்சு. செவரு மட்டும் இன்னைக்கா நடந்து வந்துச்சு?"

அடுத்த சில நாளில் வட்டவளையில் ஒருவரிடம் ஆட்டோவை விற்கப் பேசிவிட்டாள். திங்கட்கிழமை சாயந்தரம் வந்து பார்ப்பதாக அவர் சொல்லியிருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் எனக்கே பயமாக இருந்தது. அந்தச் சுவரை எனக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். அது எப்படிக் கண்ணில் படாமல் போனது? ஆட்டோ போய்விட்டால் நான் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு மகளோடு நடந்தே போனேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற மெஷினில் முப்பது வருடம் வேலை செய்தவர். அந்த மெஷினில் சூட்டைக் காட்டுகிற ஒரு முள் இருக்கும். முள் கொஞ்சம் கூடினால் தூள் கருகிவிடும், குறைந்தால் ஈரம் நிற்கும். முப்பது வருடம் அவர் அந்த முள்ளைத்தான் பார்த்தார். அவருடைய கல்யாணத்தில் பந்தி நடக்கும்போதுகூடக் கடிகாரத்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவர் மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது ஒரு கம்பியூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தான். அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு. மேசையில் திருகிவைத்த ஒரு கைப்பிடியும் உண்டு. மச்சான் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விமானம் ஓட்டுவார்.

"வாங்க மச்சான், இன்னைக்கு நீங்க ஓட்டுங்க. லொறிக்காரரு கைய பாப்போம்," என்றார்.

எழுப்புவது சுலபமாக இருந்தது. இறக்கும்போதுதான் வந்தது வினை. எனக்குப் பாதை தெரியவில்லை. திரை முழுக்க வட்டம் வட்டமாக முள்ளுகள். அவற்றுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அந்த விரல் அகலத்தில் ஓடுபாதை திடீரென்று பெரிதாக வந்து நிற்கும். நிலம் வந்துவிட்டது என்று நான் விமானத்தின் மூக்கை நிமிர்த்துவேன். நிலம் இன்னும் எங்கேயோ இருக்கும். விமானம் தொப்பென்று விழும். நாலு தடவை விழுந்தது.

"மச்சான், இதுல முந்நூறு சனம் இருக்கு. கொழுந்து மூட்டைன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தார் மச்சான்.

மகள் சிரிக்கவில்லை. பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், "பாத்தீங்களா மாமா? தூரமே தெரியல அவருக்கு," என்றாள். 

அப்புறம் நான் ஒன்று செய்தேன். லொறியில் பாதை தெரியாவிட்டால் நாங்கள் ஒரு கொழுந்துச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவோம். நான் ஆள் கட்டை, எனக்கு இரண்டு சாக்கு வேண்டும். அந்தப் பழக்கத்தில் கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்து நாற்காலியில் போட்டு ஏறி உட்கார்ந்தேன்.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இங்க நீங்க ஒசந்தா, உள்ள ஓட்டுறவன் ஒசருவானா?"

"அப்ப அவன ஒசத்து."

"யார?"

"உள்ள ஒக்காந்திருக்கிறவன. அவனுக்கு ரோடே தெரியலயே. நீ எப்பிடி எறக்குற?"

"நான் எதுக்கு ரோட்ட பாக்குறேன்? ஒயரத்துக்கு ஒரு முள்ளு, வேகத்துக்கு ஒரு முள்ளு. முள்ளு சொன்னா எறங்கிருவேன்."

இத்தனை மாதம் அவர் ஒரு தடவைகூட வெளியே பார்த்ததில்லை. 

மகள் எழுந்து வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். எங்கேயோ போய் ஒரு பக்கத்தைத் திறந்தாள். "இதுல இருக்குப்பா. கண்ணு எவ்வளவு ஒயரம், சீட்டு முன்னுக்கா பின்னுக்கா, எவ்வளவு கிட்ட தெரியணும். மாமா மகன் எல்லாத்தையும் முள்ளுகிட்ட நெருக்கி வச்சிருக்கான்."

"சின்ன திரையில முள்ளு வாசிக்க முடியலன்னு அவன்தான் அப்பிடி வச்சான்," என்றார் மச்சான்.

"ஒசத்து," என்றேன். மகள் உயர்த்தினாள். விமானத்தின் மூக்கு தெரிந்தது. அதற்கு மேலே வானம், அப்புறம் ஓடுபாதையின் முனை. "இன்னும் கொஞ்சம். போதும், நில்லு. மூக்கு லேசா தெரியணும், முழுசா தெரியக்கூடாது. இப்ப சீட்ட பின்னுக்குத் தள்ளு." அவள் தள்ளினாள். "அந்த நெருக்கத்தக் கொற."

குறைக்கக் குறைக்க ஓடுபாதை ஓடிப்போய் தூரத்தில் நின்றது. அதுதான் அதன் உண்மையான இடம். இவ்வளவு நேரமும் நெருக்கிக் காட்டியதால் கிட்டே வந்துவிட்டதாக நான் ஏமாந்திருக்கிறேன்.

ஐந்தாவது தடவை இறங்கினேன். இரண்டு தரம் குதித்தது, ஆனால் நின்றது.

மச்சான் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். "முள்ளெல்லாம் எறும்பு மாதிரி ஆயிருச்சே," என்று முகத்தைச் சுருக்கினார்.

நான் அதைக் கவனிக்கவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. கீறல் விழுவதற்கு முந்தின நாள்தான் ஆட்டோவின் சீட் கிழிந்திருந்ததென்று டவுனில் புது உறை போட்டேன். அந்த ஆள் பழைய பஞ்சை எடுத்துவிட்டு மெல்லிசாக ஒன்றை வைத்திருந்தான். உட்கார்ந்தால் பலகை இடிக்கும். நான் இடுப்புக்குத்தான் திட்டினேன், கண்ணும் சேர்ந்து கீழே இறங்கியதை நினைக்கவில்லை.

மகளிடம் சொன்னேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நாளைக்கு டொக்டர்கிட்ட கண்ண காட்டுவோம். அவரு ஓட்டலாம்னு சொன்னாத்தான்."

"வட்டவளக்காரரு?"

"அவரு சாயந்தரம்தானே வாராரு."

மறுநாள் காலையில் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். டொக்டர் சிங்களவர், என்னைவிட வயது குறைவு. ஒரு கண்ணை மூடச் சொன்னார், மற்றதை மூடச் சொன்னார், விளக்கை அடித்துப் பார்த்தார்.  கடைசியில், "ஹொந்தய்," நல்லது, என்றார். தூரம் நன்றாகத் தெரிகிறது, வாசிக்க மட்டும் கண்ணாடி போட்டால் போதும் என்று மகளிடம் சிங்களத்தில் விளக்கினார். வாசிப்பா? நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். அந்தக் கண்ணாடி யாருக்கு வேண்டும்?

வெளியே வந்ததும் மகள் வட்டவளைக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஆட்டோ விக்கல. ஆமா, மன்னிச்சுக்கங்க. இல்லண்ணே, வெல பிரச்சன இல்ல. அப்பாதான் ஓட்டுறாரு."

பிறகு என்னைப் பார்த்து, "மொதல்ல அந்த சீட்ட சரி பண்ணுங்க," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்னொருவர் ஓட்டும் வண்டியில் நான் தூங்கியதே கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாக பிரேக்கைத் தேடும். அன்று தூங்கிவிட்டேன். எங்கள் சந்தியில் மகள் தோளைத் தட்டி எழுப்பினாள்.