கண்மூடி நிற்றல்

குருவம்மாள் முகத்தில் சோப்புப் போடும்போது இடத்தோளைச் சுவரில் சாய்த்துக்கொள்கிறார். நுரைக்கு அஞ்சிக் கண்ணை மூடினால் உடல் காற்றில் அகப்பட்ட நாற்றாய் ஆடும். பாத நரம்புகள் பிறவியிலேயே நலிந்தவை. மிதிப்பது மண்ணா கல்லா என்று கால்கள் அவருக்குச் சொல்வதில்லை. கண்ணே சொல்கிறது. சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்திட்டியாடி?" என்று உடன் கொழுந்து பறிக்கும் ராமலட்சுமி சீண்டுவார்.

"எங்கப்பனையும் இப்பிடித்தான் சொன்னீக. மனுசன் சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்ல."

தந்தையின் தள்ளாட்டமே மகளுக்கும் வந்திருக்கிறது என்பது, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் ரிஞ்சு எடுத்துச் சொன்ன பிறகே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்போருக்கு விளங்கிற்று. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று ரிஞ்சு முதல் நாளே கேட்டார்.

"மாரியாத்தா முன்னால ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிடணும்மா. சன்னதிக் கம்பியப் புடிச்சிக்கிட்டு ஒத்தக் கையால கும்பிடுறேன். ஆத்தா என்ன கங்காணியா, சலாம் போட?"

கண்மூடிக் கைகுவித்தல் அன்பர்க்கு எளிய வழிபாடு. குருவம்மாளுக்கோ அதுவே அரிய தவம்.

கண்ணை மூடி நிற்கப் பழகுமாறு ரிஞ்சு சொல்லிப் போனார். குருவம்மாளும் பழகினார், தேயிலைச் செடிகளின் நடுவே. அங்கே தூணென நின்றவர், ஆஸ்பத்திரித் தரையில் கண்மூடியதும் ரிஞ்சுவின் தோளில் சரிந்தார். இடுப்பளவு அடர்ந்த செடிகள் இருபுறமும் நெருக்கித் தாங்கியதை அவர் எண்ணவேயில்லை.

"அக்கா, நின்னது செடியாக்கும். நீங்க இல்ல."

"அப்ப செடியையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சிரிப்பு அடங்கியபின் ரிஞ்சு ஒளிக்காமல் சொன்னார்: "போன நரம்பு திரும்பி வராதுக்கா. இடுப்பையும் முட்டியையும் பழக்கலாம். ஆடினா அது பிடிச்சு நிறுத்தும்."

அன்றுமுதல் வீட்டின் மூலையே பயிற்சிக்களமாயிற்று. பின்னே இரு சுவர்கள், முன்னே நாற்காலி. கண்ணை மூடி, எதையும் தொடாமல் நிற்க வேண்டும். சோறு வேகும் நேரமெல்லாம் அங்கேதான் நின்றார். அகன்றிருந்த பாதங்கள் மெல்ல நெருங்கின. பின்னர் மடித்த கம்பளியின்மேல் நிற்கவும் துணிந்தார்.

ஆடி வெள்ளியன்று தீபாராதனை. கணவர் சுருளிவேல் ஓரடி பின்னே நின்றார். குருவம்மாள் கம்பியை விட்டார். கைகள் இரண்டும் தலைமேல் குவிந்தன, கண்கள் மூடின. உடல் முன்னே சாய, சுருளிவேல் பதறி அவர் இடுப்பைப் பற்றினார்.

"கைய எடுங்க."

கண் திறவாமலே சொன்னார். சுருளிவேல் எடுத்தார். முழங்கால் சற்றே மடங்கிற்று, இடுப்பு பின்வாங்கிற்று, சாய்ந்த உடல் தானே நிமிர்ந்தது. விலக்கிய கைகளை என்ன செய்வதென்று அறியாமல் சிறிது நேரம் நின்ற சுருளிவேல், அவற்றைத் தம் தலைமேல் தூக்கிக் கூப்பினார்.