அரச் சத்தமும் என் பிடில் வில்லும்

மாதா கோயிலில் பிடில் வாசித்தால் என் வலக்கை நடுங்கும். பட்டறையில் வாசித்தால் நடுங்காது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தேன். முடிந்து வரும் ஒவ்வொரு பூட்டிலும் சாவியை மூன்று தடவை திருப்பிப் பார்த்து எண் குத்துவது என் பொறுப்பு. பிற்பகலில் பூட்டு வரத்து குறைந்ததும் மூலையில் உட்கார்ந்து பிடில் பழகுவேன். சுற்றிலும் எட்டுப் பேர் அரம் போட்டு ராவிக்கொண்டிருப்பார்கள். வில் எண்ணெயில் வழுக்குவதுபோல் போகும்.

ஞாயிறு பூசையில், சனங்கள் வரிசையில் போய்ச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும் நேரம் முழுவதும் நான் தனியாக வாசிக்க வேண்டும். கோயிலே மூச்சடக்கி இருக்கும். முதலில் முழங்கால் ஆடும், பிறகு வில் நரம்பின் மேல் தவளையாகத் தத்தும்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு பங்குச் சாமியார் கூப்பிட்டார். “உன் வாசிப்பைக் கேட்டு, நன்மை வாங்க வர்றவங்களுக்கும் கால் நடுங்குதுய்யா. திருவிழாப் பூசையிலயும் இப்படின்னா, கிராமபோன் வச்சுருவேன்.” அவர் பின்னால் மேசையில், துணி போர்த்திய ஒரு குழாய் தெரிந்தது.

வீட்டில் நாட்குறிப்பைப் புரட்டினேன். இருபத்தெட்டு ஞாயிறு, இருபத்தெட்டு நடுக்கம். நன்மை வாங்குவதற்காக வெறும் வயிற்றோடு போகிறோமே, பசிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். சோதிக்க, செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்து பட்டறையில் வாசித்தேன். கை ஆடவில்லை. மிஞ்சிய சோற்றைப் பார்த்து மனைவி, “இதை உங்க பிடிலுக்கே ஊட்டுங்க” என்றாள்.

சனிக்கிழமை, டீ நேரத்திலும் வில்லைக் கீழே வைக்காமல் வாசித்ததில் விடை கிடைத்தது. அன்றைய குறிப்பு: “3.40 டீ வந்தது, அரம் எல்லாம் நின்றது. 3.41 வில் தத்தியது. 3.52 அரம் தொடங்கியது. நடுக்கம் இல்லை.” அந்த இரைச்சலுக்குள் யாருக்கும் கேட்காது என்று என் கை இத்தனை நாள் நம்பியிருக்கிறது.

அதே பட்டறையில் அரம் பிடிக்கும் மைத்துனனிடம் சொன்னேன்.

“இதுக்கா மச்சான் இம்புட்டு நோட்டு? நான் அரத்தோட வாரேன்.”

“கோயிலுக்கா? வேணாம் மாப்ளே.”

“மெதுவா ராவுறேன். எலின்னு நெனச்சுக்கிருவாக.”

திருவிழா அன்று எனக்கு மூன்று முழம் தள்ளி, தூண் மறைவில் உட்கார்ந்தான். மடியில் துண்டு, துண்டுக்குள் பாதி முடிந்த பூட்டு. நன்மை நேரம் வந்தது. வில் இரண்டு தடவை தத்தியது. துண்டுக்குள்ளிருந்து “கிர்ர், கிர்ர்” என்று கேட்டது. கை அடங்கியது. பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் எலி தேடினாள். நானோ ஒரு சுரம் பிசகாமல் வாசித்து முடித்து வில்லை இறக்கினேன்.

மைத்துனன் அரத்தை இறக்கவில்லை. கண்ணை மூடி, தலையாட்டி, தாளம் தப்பாமல் ராவிக்கொண்டிருந்தான். அமைதியான கோயிலில் தனி அரம், பதினொரு இழுப்பு. எண்ணினேன். சனம் மொத்தமும் திரும்பியது.

பூசை முடிந்ததும் இருவரையும் சாமியார் அழைத்தார்.

“கோயிலுக்குள்ள என்னலே ராவுன?”

“பூட்டு, சாமி. சத்தம் இல்லேன்னா மச்சானுக்குக் கை ஆடும்.”

சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, சனிக்கிழமைப் பக்கத்தை நீட்டினேன். சாமியார் இரண்டு தடவை படித்தார்.

“பாட்டு முடிஞ்சப்புறமும் இவன் ராவுனானே, அதையும் எழுதுவியா?”

“எழுதிட்டேன் சாமி. பதினொண்ணு.”

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக உள்ளே போனார். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன், சாமியார் தன் பூசை உடுப்பு அலமாரியின் பூட்டைக் கொண்டுவந்து மைத்துனன் கையில் கொடுத்தார். “சாவி சிக்குது. ராவுறதுதான் ராவுற, இதை ராவு. அவன் நிறுத்துனா நீயும் நிறுத்தணும்.”

அன்றைய குறிப்பு: “கை ஆடவில்லை. இருவரும் ஒன்றாக நிறுத்தினோம். சாவி இன்னும் சிக்குகிறது.”